சிறுவர் கூடம் கட்டுமுன் கூரையைப் பாருங்கள்

போன வாரம் இளம் பொறியாளர்கள் இருவர் ஒரு வரைபடத்தோடு வந்தார்கள். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில் (2021 வரை 'அகதிகள் முகாம்' என்றே பெயர்) சிறுவர்களுக்கான கூடம். கூரைக்கு நேரே 'தகரம்' என்று எழுதியிருந்தது. ஒரு காலத்தில் நான் எழுதிய அதே சொல். வழுக்கும் தரை, கூரான முனை இவற்றையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கு இன்னும் மனம் ஆறாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

தகரக் கூரை

2006இல் இலங்கையில் போர் மீண்டும் மூண்டபோது மன்னார், திருகோணமலைப் பக்கத்துக் குடும்பங்கள் படகேறி தனுஷ்கோடிக் கரையில் இறங்கின. முதலில் மண்டபம் முகாம், பிறகு மற்ற மாவட்ட முகாம்கள். அப்படி வந்த பிள்ளைகளுக்காக ஒரு கூடம் கட்டினோம். தகரம் மலிவு, இரண்டே நாளில் வேலை முடிந்துவிடும்.

ஐப்பசியின் முதல் மழை சடசடவென்று இறங்கியது. படம் வரைந்துகொண்டிருந்த ஏழு வயதுப் பெண் வண்ணப் பென்சிலைக் கீழே வைத்தாள். தம்பியின் பிடரியை அழுத்திப் படுக்கவைத்தாள். தானும் குப்புறப் படுத்துக் காதுகளைப் பொத்திக்கொண்டாள். அழவில்லை, பலமுறை செய்து பழகியவள் என்பது தெரிந்தது. "ஷெல் குண்டு இல்லையம்மா, மழை" என்று நான் சொன்னது அந்த இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை.

அடுத்த மழை நாளில் ஒரு பிள்ளையும் வரவில்லை. தகரத்துக்குக் கீழே பாய் கட்டிப் பார்த்தோம். ஓசை கொஞ்சம்தான் குறைந்தது. துளி தகரத்தில் நேராக விழும்வரை அது முரசுதான். மேலே கீற்று வேய்ந்த பிறகே அடங்கியது, வெக்கையும் தணிந்தது. ஒரே கூரைக்கு இரண்டு செலவு. பிள்ளைகள் திரும்பி வருவதற்குள் தை பிறந்துவிட்டது. கீற்றுக்கு நெருப்புப் பயம் உண்டு, அடுப்படியைத் தள்ளி வையுங்கள். பணம் இருந்தால் ஓடு போடுங்கள். "தகரம்தான் சிக்கனம்" என்று இன்றும் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

சுவரில் கடல்

தன்னார்வலர்கள் ஆசையாகப் படகும் அலையும் வரைவார்கள். இந்தப் பிள்ளைகளோ இருட்டில் பாக் நீரிணையைக் கடந்து வந்தவர்கள். சுவரை வெறுமையாக விட்டு, சாக்குக்கட்டியை அவர்கள் கையில் கொடுங்கள்.

ஒற்றைக் கதவு

கூடாது. எதிரெதிரே இரண்டு வாசல்.

கழிப்பறை

கூடத்திலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும். தாழ்ப்பாள் உள்ளே, விளக்கு அவசியம்.

அம்மாவுக்கு இடமில்லாமை

வெளியே ஒரு திண்ணை கட்டுங்கள், நிழலோடு. தை மாதம் அந்தப் பெண்ணை மறுபடி அழைத்துவந்த அம்மா, மாலைவரை திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் வாசலருகே இருந்து வரைந்தாள்; ஒவ்வொரு கோட்டுக்கும் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.