மன அழுத்தத்தை மாதச் சுழற்சியோடு சேர்த்துக் குறித்து வைப்பது எப்படி?

இதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளில் வாங்கிச் சமையலறையில் மாட்டும் தமிழ் மாதக் காலண்டரே போதும். மாதவிடாய் தொடங்கும் நாளை முதல் நாளாக எண்ணி, ஒவ்வோர் இரவும் படுக்கும் முன் அன்றைய கட்டத்தில் மூன்றைக் குறியுங்கள்: சுழற்சியில் எத்தனையாவது நாள், காய்ச்சலோ தொண்டை வலியோ மூட்டு வீக்கமோ இருந்ததா, பதற்றத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண். வாரக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் அன்றைய மனநிலையே முந்தைய நாள்களுக்கும் சாயம் பூசிவிடும்.

மூன்றும் ஒரே கட்டத்தில் இருக்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. மன அழுத்தத்தின்போது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி அதன் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியையும், பிட்யூட்டரி சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியையும் தூண்ட, அழுத்த ஹார்மோனான கார்டிசோல் சுரக்கிறது. நோயெதிர்ப்பு அணுக்கள் வெளியிடும் இன்டர்லியூக்கின்-6 போன்ற சைட்டோகைன்கள் என்னும் தூதுப் புரதங்களும் இதே வரிசையைத்தான் தூண்டுகின்றன. ஆகவே எல்ஆர்டி நெரிசலில் பிதுங்கி வேலைக்கு ஓடாமல், டிங்கிக் காய்ச்சலில் வீட்டிலேயே படுத்திருந்தாலும் உடல் அழுத்தத்தில்தான் இருக்கிறது. சுரந்த கார்டிசோல் பின்னர் அழற்சியை அடக்குகிறது. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜெனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையிலும் நோயெதிர்ப்பு அணுக்களிலும் இருப்பதால், அதன் ஏற்ற இறக்கம் இரண்டு பக்கமும் எட்டுகிறது. கருமுட்டை வெளியேறிய பின் உயரும் புரொஜெஸ்டிரோன் ஹார்மோனிலிருந்து உண்டாகும் அல்லோபிரெக்னனோலோன், மூளையின் பரபரப்பைத் தணிக்கும் காபா ஏற்பிகளில் செயல்பட்டுப் பொதுவாக அமைதி தருவது. ஆனால் சிலருக்கு அதன் மாற்றமே படபடப்பையும் அழுகையையும் கொண்டுவருகிறது. ‘சும்மா எரிந்து விழுகிறாள்’ என்று வீட்டில் பேச்சு வாங்கும் பெண்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

சுழற்சியின் பின்பாதியில் உடல் வெப்பம் 0.3 முதல் 0.5 பாகை செல்சியஸ் வரை இயல்பாகவே கூடும். அதைக் காய்ச்சல் என்று எழுதிவிடாதீர்கள்.

ஒரு மாதத்தை வைத்து எதையும் முடிவு கட்ட வேண்டாம். மாதவிடாய்க்கு முன்வரும் கடுமையான மனநிலைக் கோளாற்றை உறுதிப்படுத்தவே இரண்டு சுழற்சிகளின் அன்றாடக் குறிப்பு தேவை. இரண்டு தாள்களையும் சுகாதார கிளினிக்கிற்கு எடுத்துச் செல்லுங்கள். ஈஸ்ட்ரோஜென் கலந்த கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுபவர் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்; கார்டிசோலைத் தாங்கிச் செல்லும் புரதத்தை அது கூட்டுவதால், இரத்தப் பரிசோதனையில் கார்டிசோல் உண்மைக்கு மேல் உயர்ந்து தெரியும். காலையில் மிகுந்தும் நள்ளிரவில் குறைந்தும் இருக்கும் சுரப்பு அது என்பதால், இரத்தம் எடுத்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் இரண்டாவது தாள் நிரம்பும் வரை காத்திருக்காமல், அன்றைக்கே மலேசியச் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவையை 15555 என்ற எண்ணில் அழையுங்கள். இணைப்பு கிடைக்காவிட்டால் நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.