போர்ஷே 944: ஸ்பாய்லர் ரப்பர் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலையான கூரையுள்ள போர்ஷே 944 கூபே காருக்குத் தகட்டாலான டிக்கி மூடி கிடையாது. வளைந்த பெரிய கண்ணாடிதான் கதவு. கண்ணாடியின் அடியில் ஓர் உலோகச் சட்டம் ஒட்டப்பட்டிருக்கும். கீழ் விளிம்பை அணைத்தபடி, காற்றோட்டத்தைத் திருப்பும் கறுப்பு ஸ்பாய்லர் உட்கார்ந்திருக்கும். இந்தக் கண்ணாடிக் கதவு 1976-இல் வந்த போர்ஷே 924-இலிருந்தே தொடர்வது. ரப்பர் ஸ்பாய்லர் 924 டர்போவில் சேர்ந்தது. கண்ணாடிக்கும் ஸ்பாய்லருக்கும் இடையே ஓடும் மெல்லிய ரப்பர்ப் பட்டைதான் நம் விஷயம். 944 உற்பத்தி 1991-இல் நின்றுவிட்டது. ஆகவே இன்னும் அசல் ரப்பரோடு ஓடும் வண்டியில் அது வெயிலில் காய்ந்து, சுருங்கி, மூலைகளில் விரிசல் விட்டிருப்பதில் ஆச்சரியமில்லை.

பெரிய தவறு ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஸ்டெப்னிக் குழியில் தண்ணீர் தேங்குகிறது, ஸ்பாய்லர் ரப்பர் வெடித்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, உடனே இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறோம். ஆனால் டிக்கிக்குள் தண்ணீர் போகாமல் தடுக்கும் முக்கிய வேலை அந்தப் பட்டையுடையது அல்ல. கதவு வந்து அமரும் பாடி விளிம்பைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங்குடையது. இன்னொரு சந்தேக இடம், கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள ஒட்டு. இந்தக் கார்களில் அந்த ஒட்டு விட்டுப்போவது ஊரறிந்த நோய். மேடு பள்ளத்தில் பின்னாலிருந்து கிறீச்சென்று சத்தம் கேட்டால் முதலில் அங்கே பாருங்கள். ஒட்டு விட்டிருந்தால் எத்தனை புது ரப்பர் போட்டாலும் தண்ணீர் வரும். 944 டர்போவில் பேட்டரியும் பின்னால்தான் இருக்கிறது என்பதால் அங்கே ஈரம் தங்குவது இன்னும் மோசம்.

சோதிப்பது எளிது. ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். இன்னொருவர் ஹோஸில் மெதுவாகத் தண்ணீர் விடட்டும். கீழிருந்து தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் சற்றுப் பொறுத்து, மேலே போக வேண்டும். எடுத்த எடுப்பில் மேலே ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து, எது ஓட்டை என்றே தெரியாமல் போகும். பீடிங்கில் கதவு எங்கே அழுந்தவில்லை என்று பார்க்க ஒரு காகிதத் துண்டு போதும்: பீடிங்கின் மேல் வைத்துக் கதவை மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அங்கே இடைவெளி.

பழுது பட்டையில்தான் என்று உறுதியானால் ஸ்பாய்லரைக் கழற்றலாம். உள்ளிருந்து பிடித்திருக்கும் சிறிய திருகிகள் துருப்பிடித்திருக்கும். துரு நீக்கும் எண்ணெய் விட்டுச் சில மணி நேரம் ஊற விடாமல் பலம் காட்டினால் மரை உடையும், அல்லது ஸ்பாய்லருக்குள் பதிந்த பகுதி தனியாகச் சுழலத் தொடங்கும். பிறகு ரப்பர் வேலை ஸ்பாய்லர் வேலையாகிவிடும். ஒட்டிக்கொண்ட ஸ்பாய்லரை இரும்பு ஸ்க்ரூடிரைவரால் நெம்புவது அதைவிட ஆபத்து. டெம்பர்டு (சூடாக்கிக் குளிர்வித்து உறுதியாக்கிய) கண்ணாடி நடுவில் குத்தைத் தாங்கினாலும் தாங்கும். ஓரத்தில் ஒரு சிறு சில்லு பெயர்ந்தால் முழுக் கண்ணாடியும் பொடியாகலாம். பிளாஸ்டிக் நெம்புகோலும் பொறுமையும் போதும்.

புதுப் பட்டையைப் பொருத்தும்போது எல்லாருக்கும் கை பரபரக்கும் ஓர் இடம் உண்டு: இழுத்துப் பிடித்து உட்கார வைப்பது. அப்போது கச்சிதமாகத்தான் தெரியும். இழுபட்ட ரப்பர் நாளடைவில் தன் பழைய நீளத்துக்குத் திரும்பி, இரு முனைகளிலும் இடைவெளி விடும். தளர்வாக வைத்து, நடுவிலிருந்து இரு பக்கமும் அழுத்திக்கொண்டே போங்கள். முனையை வெட்ட வேண்டியிருந்தால் கடைசியில், கொஞ்சம் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். குளிரில் விறைத்த ரப்பரோடு மல்லுக்கட்டாமல் வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் போட்டு எடுத்தால் வளைந்து கொடுக்கும். வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸும் எஞ்சின் ஆயிலும் பல ரப்பர்களை ஊத வைத்துவிடும்.

சிலிக்கான் டியூப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்த இடமெல்லாம் பிதுக்கிவிடும் பழக்கம் கார் பழுதுகளில் எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது. வினிகர் வாடை அடிக்கும் வகை உலர்கையில் அசெட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது; பெயின்ட் உரிந்த தகடு அதனால் அரிக்கும். மிச்சம் ஒட்டிய இடத்தில் பிறகு பெயின்டும் பிடிக்காது, வேறு பசையும் பிடிக்காது. பழைய பசையைச் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காய வைத்தாலே பாதி வேலை முடிந்தது. தின்னர் வேண்டாம், பக்கத்துப் பெயின்டையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

திருகிகளை முடுக்கும்போது ஒரு முனையை முழுதாக இறுக்கிவிட்டு மறுமுனைக்குப் போகாதீர்கள். எல்லாவற்றையும் விரலால் ஏற்றி, பட்டை சமமாக உட்கார்ந்ததைப் பார்த்து, பிறகு சிறிது சிறிதாக.

கூடவே பாடி பீடிங்கையும் மாற்றியிருந்தால், கதவின் கீழ் மூலைகளில் பூட்டுக்குள் இறங்கும் இரண்டு பின்களின் உயரத்தையும் பாருங்கள். புது பீடிங் தடிப்பாக இருக்கும். பின்கள் பழைய அளவிலேயே இருந்தால் கதவு மூட மறுக்கும். ஆத்திரத்தில் ஒரு மூலையில் ஓங்கி அழுத்தினால் கண்ணாடியின் ஒட்டு அங்கேயே விடும். இரு பின்களையும் ஒரே அளவுக்குச் சரிசெய்து, இரண்டு கையாலும் இரு மூலைகளையும் ஒன்றாக அழுத்தி மூடுங்கள். பிறகு ஜன்னலைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். உள்ளே புகை வாடை வந்தால் பின்பக்கத்தில் இன்னும் எங்கோ காற்று நுழைகிறது. காகிதத் துண்டோடு மறுபடியும் ஒரு சுற்று.