கிளிப்பை முதலில் வையுங்கள், கேபிளைப் பிறகு வரையுங்கள்

சாலிட்வொர்க்ஸ் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் கேபிள் பாதைகளை வரைய உதவும் ரூட்டிங் பகுதியில், இரண்டு கனெக்டர்களுக்கு இடையே கேபிளை நேரடியாக இழுத்துவிட்டு, அது பாகங்களில் முட்டுவதைக் கண்ட பிறகு ஸ்ப்லைன் புள்ளிகளை (கேபிளின் வளைகோட்டைத் தீர்மானிக்கும் புள்ளிகளை) ஒவ்வொன்றாக நகர்த்துவதில்தான் நேரம் வீணாகிறது. அதற்குப் பதிலாக, கேபிள் போகும் வழியெங்கும் கிளிப்புகளை முதலிலேயே அசெம்ப்ளியில் (பாகங்கள் ஒன்றுசேர்ந்த மாதிரியில்) பொருத்திவிட்டு, பாதையை அவற்றின் வழியே செலுத்துங்கள். பின்னர் இடம் மாற்ற வேண்டியிருந்தால் கிளிப்பை நகர்த்தினால் போதும், கேபிள் பின்தொடரும்.

கனெக்டரின் இணைப்புப் புள்ளியில், வளையத் தொடங்குமுன் கேபிள் நேராக வெளிவரும் நேர்த்துண்டின் நீளத்தைக் குறிப்பிடத் தவறாதீர்கள். அது இல்லாவிட்டால், கேபிள் வெளிவந்த இடத்திலேயே மடங்கி, திரையில் அழகாகவும் கையால் பொருத்த இயலாததாகவும் அமைந்துவிடும். வளைவு ஆரத்தைக் கேபிளின் தரவுத்தாளிலிருந்தே எடுக்க வேண்டும்: வெளிவிட்டம் 8 மி.மீ., குறைந்தபட்ச ஆரம் விட்டத்தின் 6 மடங்கு என்று அதில் இருந்தால், 48 மி.மீ.க்குக் கீழே எந்த வளைவும் இறங்கக் கூடாது.

கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதவுக்குச் செல்லும் கேபிளுக்குத் தனிக் கவனம் தேவை. கதவு மூடிய நிலையில் மட்டும் வரைந்து நீளத்தை எடுத்ததால், கீல் பக்கம் கேபிள் விறைத்து நின்று, கதவு பாதியிலேயே தடைபட்டதை நானே கண்டிருக்கிறேன். கதவை முழுவதும் திறந்த நிலையில் பாதையை வரைந்து நீளத்தை முடிவு செய்யுங்கள். பிறகு மூடிய நிலையில் கீலருகே விழும் சுருளின் ஆரத்தைச் சரிபார்த்து, தளர்வுக்கான விழுக்காட்டைச் சேர்த்த பின்னரே வெட்டு நீளத்தை வரைபடத்துக்குக் கொண்டுசெல்லுங்கள்.