தைராய்டு இருந்தால் தடுப்பூசி: மாத்திரை அட்டையிலிருந்து தொடங்குங்கள்

ஊசி போடுமுன் நர்ஸ் கேட்பார்: "ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" பெரும்பாலும் வரும் பதில், "தைராய்டுக்கு மட்டும்தான் சிஸ்டர்." இந்தப் பதிலை வைத்து அவரால் எதையும் முடிவு செய்ய முடியாது. சுரப்பு குறைந்தவருக்கும் கூடியவருக்கும் தரும் மாத்திரைகள் நேர் எதிரானவை. தைராய்டால் கண் பிதுங்கியவருக்கு ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கலாம். ஊசிக்கு முன் பார்க்க வேண்டியது நீங்கள் விழுங்கும் மருந்தைத்தான்.

ஹஷிமோட்டோ (சுரப்பு குறைவது), கிரேவ்ஸ் (சுரப்பு கூடுவது) ஆகிய இரண்டும் உடலின் எதிர்ப்பு சக்தி தன் சுரப்பியையே தாக்கும் நோய்கள். அதைக் கேட்டதும் "எனக்கு எதிர்ப்பு சக்தியே கெட்டுப்போச்சு, ஊசி தாங்காது" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். கிருமியோடு போராடும் திறன் இவர்களுக்கு அப்படியேதான் இருக்கிறது. தைராய்டு என்ற ஒரே காரணத்துக்காக எந்தத் தடுப்பூசியையும் தவிர்க்க வேண்டியதில்லை.

1. முதல் நாள் இரவே மருந்துகளை எடுத்து வையுங்கள்

டப்பாவையும் அட்டையையும் அப்படியே பையில் போடுங்கள், அல்லது பெயர் தெரியும்படி செல்போனில் படம் எடுங்கள். மேலே பெரிதாக இருப்பது கம்பெனிப் பெயர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள்.

சுரப்பு குறைந்தவருக்குத் தரும் தைராக்சின் என்று இருந்தால், 25 மைக்ரோகிராமானாலும் 100 ஆனாலும், எந்தத் தடையும் இல்லை. டிஎஸ்ஹெச் (தைராய்டு அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) நார்மலுக்கு வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். கர்ப்பிணிகள் தைராக்சின் சாப்பிட்டுக்கொண்டே டிடி ஊசியை (டெட்டனஸ், டிப்தீரியா தடுப்பூசி) குறித்த நாளில் போட்டுக்கொள்ளலாம்.

சுரப்பு கூடியவருக்குத் தரும் கார்பிமசோல் என்று இருந்தாலும் ஊசி போடலாம். ஆனால் படி 4-ஐ இரண்டு முறை படியுங்கள்.

படபடப்புக்காக ப்ரொப்ரானலால் சாப்பிடுபவர்கள் அதை நர்ஸிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஊசிக்குப் பின் கடும் அலர்ஜி வந்தால் கொடுக்கும் அட்ரினலின், இந்த மாத்திரை சாப்பிடுபவருக்குச் சரியாக வேலை செய்யாமல் போகலாம். முன்பே தெரிந்தால் தயாராக இருப்பார்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

ப்ரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுதான் உண்மையில் யோசிக்க வைக்கும் மருந்து. தினம் 20 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், 2 வாரமோ அதற்கு மேலோ சாப்பிட்டிருந்தால், உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த ஊசிகளை, மருந்தை நிறுத்தி ஒரு மாதமாவது ஆகும்வரை தள்ளிவைப்பார்கள். எம்எம்ஆர் (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லாவுக்கானது), சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் ஊசிகள் இந்த வகை. கண் வீக்கத்துக்கு நரம்பு வழியாக ஸ்டீராய்டு ஏற்றிக்கொண்டவர்களும், தைராய்டு புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்களும் தங்கள் டாக்டரிடம் கேட்டுத் தேதி வாங்குங்கள். ஃப்ளூ ஊசி, நிமோனியா, ஹெபடைட்டிஸ் பி ஆகியவற்றில் உயிருள்ள கிருமி இல்லை. ஸ்டீராய்டு சாப்பிடும்போது அவற்றின் பலன் சற்றுக் குறையலாம், அவ்வளவுதான். நாய் கடித்தால் மட்டும் எந்தக் கணக்கும் பார்க்காதீர்கள். ராபீஸ் ஊசியை அன்றே தொடங்க வேண்டும்.

ஆப்பிரிக்கப் பயணத்துக்காகக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற மையங்களுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி கூடாதவர்கள் பட்டியலில் "தைமஸ்" கோளாறு வரும். அது நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் வேறொரு சுரப்பி. தைராய்டு என்று படித்துவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள்.

2. ஊசி போடும் நாள் காலை

வழக்கம்போலத் தைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்குங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள். ஊசிக்குப் பட்டினி தேவையில்லை. வெறும் வயிற்றோடு போய் நின்றால்தான் தலைசுற்றி விழுவார்கள். 6 மணிக்கு மாத்திரை, 7 மணிக்கு இட்லி, 10 மணிக்கு ஊசி என்று வைத்துக்கொண்டால் போதும். அன்று ஒரு மாத்திரை விட்டுப்போனாலும் பதற வேண்டாம். தைராக்சினின் பாதி அளவு உடலிலிருந்து குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும்.

கடும் காய்ச்சலோ, ஓய்வில் இருக்கும்போதே அடங்காத படபடப்பும் மூச்சுத்திணறலுமோ இருந்தால், முதலில் டாக்டரைப் பாருங்கள்.

3. ஊசி போட்டபின்

30 நிமிடம் அங்கேயே உட்காருங்கள். தைராய்டு கூடியதால் இதயத் துடிப்பு தாறுமாறாகி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மெல்லிய ஊசியால் போட்டு, பஞ்சால் 2 நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் உள்ளே ரத்தம் கட்டும்.

கைவலி, காய்ச்சலுக்குப் பெரியவர்கள் பாரசிட்டமால் 500 மில்லிகிராம் ஒன்று, தேவைப்பட்டால் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பிடலாம். ஆஸ்பிரின் வேண்டாம். அதிக அளவில் அது ரத்தத்தில் தைராய்டு ஹார்மோனைக் கட்டவிழ்த்துவிடும்.

4. காய்ச்சலைப் பிரித்துப் பாருங்கள்

பெரும்பாலான ஊசிகளில் காய்ச்சல் ஓரிரு நாளில் வந்து, இரண்டு மூன்று நாளில் போய்விடும். தொண்டை ரணமாகாது, வாய்ப்புண்ணும் வராது. கார்பிமசோல் சாப்பிடுபவருக்குக் காய்ச்சலோடு இவற்றில் ஒன்று வந்தாலும், "ஊசி போட்டதுதான்" என்று படுத்துவிடாதீர்கள். அரிதாக இந்த மருந்து வெள்ளணுக்களை அடியோடு குறைத்துவிடும். இது பெரும்பாலும் மருந்து தொடங்கிய முதல் 3 மாதத்தில் நடக்கும். அடுத்த வேளை கார்பிமசோலை நிறுத்திவைத்து, அன்றே டாக்டரிடம் போய் சிபிசி (ரத்த அணுக்களை எண்ணும்) ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ராத்திரியானாலும் காத்திருக்க வேண்டாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

இன்னொன்று, மிக அரிது. ஊசிக்குச் சில நாளிலோ வாரங்களிலோ கழுத்தின் முன்பக்கம் வலித்து, தாடை, காது வரை ஏறி, கூடவே படபடப்பும் வரலாம். இது தைராய்டு அழற்சி. கோவிட் ஊசிகளுக்குப் பின் சிலருக்கு வந்ததாகப் பதிவுகள் உள்ளன. பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் டாக்டர் பார்க்க வேண்டும்.

5. அடுத்த பரிசோதனைகள்

காய்ச்சலடிக்கும் நாளில் டிஎஸ்ஹெச் பார்க்காதீர்கள், அளவு தப்பாகக் காட்டலாம். தைராய்டு புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து, கழுத்து ஸ்கேனில் தொடர்ந்து கண்காணிக்கப்படுபவர்கள், முடிந்தால் ஸ்கேனை முடித்துவிட்டு ஊசி போடுங்கள். ஊசி போட்ட பக்கம் அக்குளிலும் காறை எலும்புக்கு மேலும் நெறி கட்டிச் சில வாரம் இருக்கலாம். ஸ்கேனில் அது நோய் திரும்பியதுபோலத் தெரியலாம். ஏற்கெனவே ஊசி போட்டாகிவிட்டது என்றால், எந்த ஊசி, எந்தக் கை, என்ன தேதி என்று ஒரு சீட்டில் எழுதி, ஸ்கேன் எடுப்பவரிடம் முதலில் கொடுங்கள்.