சீனத்தில் லேசாக அலுத்துக்கொள்ள

சீன மொழியில் அலுத்துக்கொள்ளும் முன் எரிச்சல் ஆள்மேலா, நிலைமைமேலா என்று பாருங்கள். 'நீ' என்று பொருள்படும் 'நி' உள்ளே வந்தால் முணுமுணுப்பு சண்டையாகிவிடலாம்.

தொடங்க நல்லது 'ஜென் ஷ த'. நடவு நேரத்தில் மோட்டார் ஓடும்போது கரண்ட் போனால் 'அட, என்னப்பா இது' என்போமே, அந்த இடம். 'ஜென்' உயர்ந்து சமமாக நிற்கட்டும். மற்ற இரண்டும் பாதி விழுங்கியதுபோல் வரட்டும். பெரியவர் முகத்தைப் பார்த்துச் சொல்லாதீர்கள், கடிந்துகொண்டதாகிவிடும்.

'உசிர வாங்குது' என்பதற்கு 'ஃபான் ஸு ல'. 'ஃபான்' கேள்வி கேட்பதுபோல் மேலே ஏற வேண்டும். கீழே இறக்கினால் அது சோறு! 'ஸு'வை 'காசு' என்பதன் கடைசி எழுத்துபோல் வாய் குவிக்காமல், தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். 'நி ஃபான் பு ஃபான்' வேறு ரகம்: 'ஏன்டா இப்படி அறுக்கிற'. நெருங்கிய சிநேகிதரிடம் மட்டும்.

'என்னத்தச் சொல்றது' என்று வாயடைத்தால் 'ஊ யூ'. இந்த 'யூ' நம்முடையதல்ல. உதட்டை 'ஊ'வுக்குக் குவித்துக்கொண்டு 'ஈ' சொன்னால் வரும். சாட்டில் இதற்குப் பதில் வெறும் புள்ளிகளை வரிசையாக அனுப்புவதும் உண்டு. அங்கே 'ஹா ஹா' சிரிப்புதான். 'ஹ ஹ' என்றால் இளவட்டங்களுக்கு அது நக்கல்.

'நி' இருந்தும் பெரும்பாலும் சண்டையாகாதது 'ஃபூ ல நி ல': 'ஒங்கூட ரோதனையாப் போச்சு, கும்புடுறேன் சாமி'. சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும்.

'தாவ் யென்' தந்திரமானது. இழுத்துக் கொஞ்சினால் 'ச்சீ, போ'; வெடுக்கென்று சொன்னால் 'உன்னைப் பிடிக்கல'. புதிதாகப் பழகுகிறவர்கள் காதில் வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம்.

பேச்சை முடிக்க 'ஸ்வான் ல', சரி விடு. கடைசியில் 'பா' சேர்த்தால் இன்னும் மென்மை.

மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து சிங்கப்பூர் போகிறவர்கள் காதில் 'சியென்' விழும். அது ஹொக்கியன் என்ற வேறொரு சீனப் பேச்சு, சலிப்புக்குச் சொல்வது, பெய்ஜிங்காரரிடம் எடுபடாது. வேலை நடக்கும் சைட்டில் யாராவது 'ஐயா' என்றால் மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள், அவர்களும் அலுத்துக்கொள்கிறார்கள். 'வோ காவ்' என்று கேட்டால் திருப்பிச் சொல்லாதீர்கள், அது கெட்ட வார்த்தையை மறைத்துச் சொல்வது. அதையே இன்னும் தணித்துச் சொல்வது 'வோ ச்சூ'. அதுவும் ஃபோர்மேன் முன்னால் வேண்டாம்.