ஜார்ஜியா கிராமத்தில் நாய் வளர்ப்பவர்களுக்கு

அமெரிக்காவின் அட்லாண்டா நகரை விட்டுத் தெற்கு ஜார்ஜியா கிராமத்துக்குக் குடிவந்த முதல் வாரமே எங்கள் நாயை நெருப்பெறும்பு கடித்துவிட்டது. மழை விட்ட மறுநாள் புல்வெளியைக் கவனியுங்கள். சலித்த மண்ணைக் குவித்து வைத்தது போல மேடு தெரியும், உச்சியில் துளை இருக்காது. அதுதான் புற்று. நாயை அவிழ்த்துவிடும் முன் ஒரு சுற்று நடந்து பார்த்துவிடுங்கள். நாய் புற்றை மிதித்துவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள்; எறும்பு தாடையால் கவ்விக்கொண்டிருக்கும், லேசில் விடாது. காய்ந்த துணியால் விரலிடுக்கு, அடிவயிறு எல்லாம் துடைத்துத் தட்டிவிடுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள். இங்கே அவர் பக்கத்துத் தெருவில் இருக்க மாட்டார், எண்ணை இன்றே போனில் போட்டு வையுங்கள்.

எறும்பை விட எனக்குப் பயம் கொசுதான். நாயின் இதயத்தில் வளரும் இதயப்புழுவைப் பரப்புவது அதுவே. புழு வளர்ந்து பரிசோதனையில் தெரியவே சுமார் 6 மாதம் ஆகும். அதனால் குளிர்காலம் என்று இதயப்புழுத் தடுப்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாதம் 1, வருடத்துக்கு 12. ரத்தப் பரிசோதனை ஆண்டுக்கு ஒரு முறை. ஒரு மாதம் தவறிப்போனால் மருத்துவருக்கு உடனே சொல்லிவிடுங்கள்.