அலை வேற, நீரோட்டம் வேற: பிள்ளைங்களுக்கு சொல்லித் தரும்போது நாம பண்ற தப்புகள்

அலைன்னா கரையைப் பாத்து தண்ணி ஓடி வர்றதுன்னுதான் நெறைய பேர் பிள்ளைங்களுக்கு சொல்றாங்க, மத்த கொழப்பம் பூரா இதுலேருந்துதான் ஆரம்பிக்குது. நடுக்கடல்ல போறது தண்ணி இல்ல, காத்து குடுத்த ஆற்றல். தண்ணி ஒரு வட்டம் அடிச்சுட்டு கிட்டத்தட்ட பழைய எடத்துக்கே வந்துடும், கீழ போகப்போக அந்த வட்டம் சின்னதாயிட்டே போகும், ரெண்டு அலை முகட்டுக்கு நடுவுல 100 மீட்டர்னா 50 மீட்டர் ஆழத்துல ஆட்டமே தெரியாது. கரைகிட்ட ஆழம் கொறஞ்சு அலை ஒடையுது பாருங்க, அங்கதான் தண்ணி நெஜமாவே முன்னாடி பாயுது.

இத வாயால சொன்னா ஏறாது. நீளமான ட்ரேல தண்ணி ஊத்தி நடுவுல ஒரு கார்க்க மெதக்க விடுங்க, ஒரு ஓரத்துல ஸ்கேலால மெதுவா தட்டச் சொல்லுங்க. அலை அந்தக் கோடிக்குப் போயிடும், கார்க் ஆடிட்டு ஏறக்குறைய அங்கயே கெடக்கும். ஆனா வாயால ஊதி அலை உண்டாக்க விடாதீங்க, காத்து கார்க்கையே தள்ளிட்டுப் போயிடும், அப்புறம் பிள்ள "அலைதான் தள்ளுச்சு"ன்னு அடிச்சு சொல்லும். பாட்டில்ல எண்ணெயும் நீலத் தண்ணியும் ஊத்திக் குலுக்குறது பாக்க அழகுதான், எனக்கென்னமோ அது வெறும் வேடிக்கைன்னுதான் தோணுது.

அடுத்து எல்லாத்தையும் நிலா தலையில கட்டுறது. நிலாவும் சூரியனும் இழுக்குறதால வர்றது ஓதம், அதாவது கடல் மட்டம் ஏறி எறங்குறது, சாதாரண அலைக்குக் காரணம் காத்து, சுனாமிக்குப் பெரும்பாலும் கடலடி நெலநடுக்கம். மூணையும் ஒரே நாள்ல நடத்தாதீங்க.

நீரோட்டம்னா அலை மாதிரி இல்லாம தண்ணியே எடம் விட்டு எடம் ஓடுறது. அதக் காட்ட கலர் ஐஸ தண்ணியில போட்டு சோதனை பண்றவங்க ஒரு எடத்துல மாட்டிக்குவாங்க. கடல் மாதிரி இருக்கட்டுமேன்னு உப்புத் தண்ணியில கலர் ஐஸ் போட்டா, உருகுற கலர் கீழ எறங்காம மேலயே படிஞ்சு நிக்கும், ஏன்னா உருகுனது நல்ல தண்ணி, உப்புத் தண்ணிய விட லேசு. குளிர்ந்த தண்ணி கீழ போகும்னு காட்டணும்னா வெறும் தண்ணியிலயே போடுங்க. நெஜ துருவக் கடல்ல கதை வேற, தண்ணி உறையும்போது உப்ப வெளிய தள்ளிடும், மிச்ச தண்ணி குளிர்ச்சியும் உப்பும் சேர்ந்து கனமாகி கீழ எறங்கும், ஆழ்கடல் நீரோட்டத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம். மேல்மட்ட நீரோட்டத்துக்கு மேப்ல அம்புக்குறி போட்டு போரடிக்க வேணாம், 1992ல பசிபிக்ல கப்பல்லேருந்து விழுந்த கன்டெய்னர்லேருந்து கிட்டத்தட்ட 29,000 குளியல் பொம்மை சிதறி, அதுல சில வாத்துங்க அதே வருஷக் கடைசியில அலாஸ்கா கரையில ஒதுங்குன கதைய சொல்லுங்க, பசங்க மேப்ப அவங்களே கேட்பாங்க.

கடைசியா, உயிர் சம்பந்தப்பட்ட தப்பு. "அலை இல்லாத எடமா பாத்து எறங்கு"ன்னு சொல்லவே கூடாது. ரெண்டு பக்கமும் அலை ஒடஞ்சு நடுவுல மட்டும் அமைதியா இருக்குற அந்த சந்துதான் பல நேரம் கரையிலேருந்து உள்ள இழுக்குற நீரோட்டம் ஓடுற எடம். அது ஆள அடியில அமுக்காது, கடலுக்குள்ள கொண்டு போகும், எதுத்து நீச்சலடிச்சு களைச்சுப் போறதாலதான் பல பேர் முழுகுறாங்க. மாட்டினா மல்லாந்து மெதந்துட்டு கைய தூக்கி உதவி கேட்கணும், தெம்பிருந்தா கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி வெளிய வந்து அப்புறம் கரைக்குத் திரும்பணும்னு, தண்ணியில கால் வைக்கிறதுக்கு முன்னாடியே அவங்க வாயால ஒரு தடவ சொல்ல வைங்க.